ஹெல்மெட்டுக்குள்ள பேசற மனுசன்

வாங்க தம்பி, வாங்க. வண்டி பாக்கத்தானே வந்திருக்கறீங்க? நெனச்சேன். இந்த வெயில்ல கையில ஹெல்மெட்டப் புடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நடந்து வர்ற ஆளு வேற எதுக்கு வரப்போறாங்க. உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. அவரு பேட்டரிக் கடைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. இப்பன்னா உடனே இல்லீங்க. சார்ஜு ஏற வேண்டாமுங்களா?

ஆமாங்க, பேட்டரி எறங்கிப் போச்சு. ராத்திரி பூரா கீ ஆன்லயே இருந்திருக்குது. முன்னால அந்தச் சின்ன லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்து, விடிஞ்சு பாத்தா வண்டி செத்துக் கெடக்குது. யாரு போட்டு வெச்சாங்கன்னு தெரியலீங்க. போன வாட்டி பொள்ளாச்சியில இருந்து ஒருத்தரு பாக்க வந்தாரே, அன்னைக்கும் இதே கதைதான். வீட்டுல இருக்கறது நாங்க ரெண்டே பேரு. என்னமோ போங்க, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்.

சேலத்துல இருந்தா வர்றீங்க? அடேயப்பா. அப்ப கையோட ஓட்டிக்கிட்டே போயிரலாம்னு வந்திருக்கறீங்க. சரி சரி. காப்பி வெக்கறேன், குடிங்க. ஒறம்பரையா வந்தவங்களச் சும்மா உக்கார வெக்கக் கூடாது.

வண்டி அதோ நிக்குது பாருங்க. சேலை போத்தியிருக்குதே, அதுதான். என்ற சேலைங்க. நல்ல நூல் சேலை, ரெண்டச் சேத்து நானே தெச்சது. கடையில விக்கற கவரு போட்டா உள்ள வேர்த்துத் துரு புடிக்குது. நூல் சேலைன்னா காத்து போகும். எடுத்துப் பாக்கறீங்களா? வேண்டாமுங்க, அவரு வரட்டும். அவரில்லாம அதத் தொட்டா மொகத்தத் தூக்கி வெச்சுக்குவாரு.

வெலையெல்லாம் அவருகிட்டப் பேசிக்கோங்க, அது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணுங்க தம்பி, உள்ளதச் சொல்லிப்போடறேன். மூடி மறைச்சு ஒருத்தர் தலையில கட்டறது பாவம். நாளைக்கு நீங்க எங்களத் திட்டக் கூடாது பாருங்க. இது ஒரு கெரகம் புடிச்ச வண்டி.

ஸ்போர்ட்ஸ் டூரிங்குன்னு பேரு. வேகமாவும் போகுமாம், தூரமாவும் போகுமாம். டவுனுக்குள்ள மட்டும் ஆகாது. சிக்னல்ல நின்னா இஞ்சின் சூடு பூரா தொடைக்குத்தான் வரும். கொதிக்கற குக்கரக் கவட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு உக்காந்த மாதிரி. திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி பாக்க வந்தான், அவங்கிட்ட இதச் சொன்னேன். கல்யாணம் ஆகாத பையன். மொகம் சுண்டிப் போச்சு. காப்பியக் கூடக் குடிக்காமப் போயிட்டான். அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுங்களா?

முன்னால ஃபோர்க்குல ஆயில் கசியும். சீல் மாத்தியாச்சு, மறுபடியும் கசியுது. செயினு இருக்குதே, அது ஒரு பச்சப் புள்ளைங்க. அடிக்கடி டீசல் போட்டுத் தேச்சு, தொடச்சு, ஆயில் அடிக்கோணும். அதுவும் வண்டி ஓடி வந்த சூட்டோட அடிச்சாத்தான் உள்ள எறங்கும், ஆறிப் போய் அடிச்சா மேலயே நிக்கும். அடிப்பக்கம் வெரல வெச்சுத் தூக்கிப் பாத்தா ரெண்டு வெரக்கடை ஆடோணும். எச்சா ஆடுனா இறுக்கோணும். ஆடவே இல்லைன்னா அதவிட மோசம், பேரிங்கத் தின்னுபோடும். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? இத்தன வருசமா பக்கத்துல குத்தவெச்சு டார்ச்சு புடிக்கறது யாருன்னு நெனச்சீங்க.

அப்புறம் எலி. ஒருக்கா வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா இழுக்க மாட்டேங்குது. இவரும் பாக்கறாரு பாக்கறாரு, ஒண்ணும் புடிபடல. கோயமுத்தூர்ல ரெஜின்னு ஒரு மெக்கானிக்கு, அவன வரவெச்சு டேங்கத் தூக்கி ஏர் ஃபில்டரு டப்பாவத் தொறந்தா, உள்ள எலி குடித்தனம் பண்ணியிருக்குது. குஞ்சு போட்டிருக்குது. படுக்கைக்கு என்ற ஜாக்கெட்டுத் துணியக் கிழிச்சுக் கொண்டாந்து மெத்தை பண்ணி வெச்சிருக்குது. புதுத் துணிங்க, தெக்கக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சது. அன்னையில இருந்து வாரா வாரம் சீட்டுக்கடியில பாச்சை உருண்டை போடறது என்ற சோலி. அரிசிப் பானைக்கு அவ்வளவு காவல் காத்ததில்லீங்க நானு.

இதெல்லாம் கேட்டுட்டும் உக்காந்திருக்கறீங்களே. பொள்ளாச்சிக்காரரு இந்நேரம் எந்திரிச்சுட்டாரு.

எப்படி வாங்குனாருன்னா கேக்கறீங்க? அந்தக் கொடுமைய ஏங் கேக்கறீங்க. இவரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தாருங்க. ஆர்.சி. புக்கு அந்த டிவி மேல இருக்குது, பேரப் பாத்துக்கோங்க. நான் சொல்ல மாட்டேன். ஆமா, அதேதான், தங்கமுத்து. சின்ன வயசுல சேந்தவரு, ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே மில்லு. நீங்க மில்லுக்குள்ள போயிருக்கீங்களா? போனா தெரியும். ஆயிரக்கணக்குல நூல் கதிரு சுத்தும். பக்கத்துல நிக்கற ஆளு கத்துனாலும் காதுல விழாது. அதனால அங்க எல்லாம் கை பாஷைதான். கட்டை வெரல வாய்கிட்டக் கொண்டு போனா தண்ணி. உள்ளங்கையக் கீழ அழுத்துனா மிசின நிறுத்து. ஒத்த வெரல மேல தூக்கிச் சுத்துனா ஓடட்டும்.

அந்தப் பழக்கத்தை மில்லோட விட்டுட்டு வரலாமில்ல? வீட்டுக்கும் கொண்டாந்துட்டாரு. கல்யாணம் பண்ணி வந்த புதுசுல எனக்கு ஒண்ணுமே புரியல தம்பி. சாப்பிட உக்காருவாரு, கட்டை வெரல வாய்கிட்டக் கொண்டு போவாரு. நான் என்னமோ பல்லு வலியாக்கும்னு நெனச்சுக் கிராம்பு எடுத்தாந்து குடுத்தேன். சிரிக்கறீங்க. எனக்கு அன்னைக்கு அழுகை வந்துச்சு. எங்கப்பன் வீட்டுல ஒம்பது பேரு, ஒரே கூப்பாடு, சண்டை, சிரிப்பு. அங்க இருந்து வந்து இங்க விழுந்தேன். நான் பேசுவேன், அவரு 'ம்'பாரு. அந்த 'ம்'மும் நல்ல நாளுக்குத்தான். கெட்டவரில்லீங்க. குடி கெடையாது, கை நீட்டுனது கெடையாது, எனக்கு ஒடம்புக்கு முடியலைன்னா ராப்பகலா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. ஆனா உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணுவேன்? பேச ஆளில்லைன்னா வாயி சும்மா இருக்குமா? குத்தம் சொல்லுவேன். பால் திரிஞ்சா குத்தம், வெயிலடிச்சாக் குத்தம். குத்தம் சொன்னாத்தான் திரும்பியாவது பாப்பாரு. அப்படியே எனக்குப் பழகிப் போச்சு. இப்பக் கூட உங்ககிட்டக் குத்தந்தான் சொல்லிட்டிருக்கறேன் பாருங்க.

ரிட்டயர் ஆனாரு. சரி, இனிமேலாவது வீட்டுல ஒரு சத்தம் இருக்கும்னு பாத்தா, பேப்பரப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒரு நாள் பெங்களூருக்குப் போறேன்னு மூணே வார்த்தை சொல்லிட்டுப் பஸ் ஏறுனவரு, மறுநாள் பொழுதோட இந்த வண்டியில வந்து நிக்கறாரு. ஒரு டாக்டரு வண்டியாம், கம்மியா ஓடுனதாம். இஞ்சின் மேல ஸ்குரூ டிரைவரு மொனைய வெச்சு, புடியக் காதுல வெச்சு, அரை மணி நேரம் கேட்டுட்டுத்தான் வாங்குனாராம். மில்லுல பேரிங்கு போயிருச்சான்னு அப்படித்தான் கேப்பாங்களாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு இரும்புக்குள்ள என்ன சத்தம் வருதுன்னு அரை மணி நேரம் காதக் குடுத்துக் கேட்டிருக்கறாரு. எனக்குள்ள என்ன சத்தம் வருதுன்னு எவன் கேட்டான்?

தெருவே கூடி நின்னு வேடிக்கை பாக்குது. எதுத்த வீட்டு ருக்குமணி, "ஏனக்கா, மாமனுக்கு இப்பத்தான் வயசு திரும்புதாக்கும்"ங்கறா. எனக்கு மானம் போகுது. நான் ரெண்டு நாளு அவருக்குச் சோறு மட்டும் போட்டேன், கொழம்பு ஊத்தல.

எங்க பையன் ஓசூர்ல இருக்கறான், பிரபாகருன்னு பேரு. அப்பன் வண்டி வாங்குன சேதி கேட்டு அவனுக்குப் பயம். வேகமான வண்டி, வயசான காலம், அம்மாவ வேற பின்னால வெச்சுக்கிட்டுப் போவாருன்னு ரெண்டு ஹெல்மெட்டு வாங்கி அனுப்பிச்சான். அதுக்குள்ள காதுகிட்ட ஒட்டற மாதிரி ஒரு சாமான், வாய்கிட்ட ஒரு மைக்கு. வண்டி எவ்வளவு வேகமாப் போனாலும் முன்னால இருக்கறவங்களும் பின்னால இருக்கறவங்களும் பேசிக்கலாமாம். நான் சிரிச்சேன். அவரு வாயத் தொறக்கறதுக்கா இது, ஏண்டா காசத் தண்ணியில போடறேன்னு பையனத் திட்டுனேன்.

மொதல் தடவை மறையூருக்குப் போனோம். நான் வரலைன்னுதான் சொன்னேன். ஹெல்மெட்ட எடுத்து என்ற கையில குடுத்துட்டு வாசல்ல நிக்கறாரு, கூப்பிடக் கூட இல்லை. சரி, தொலையட்டும்னு ஏறுனேன். சேலையக் கெண்டைக்காலுக்கு மேல சுருட்டி, ரெண்டு பக்கமும் காலப் போட்டு, இந்த வயசுல. அமராவதி டேமு தாண்டிப் போச்சு. செக்போஸ்ட்டுல நிறுத்தி எழுதிக்கிட்டு விட்டாங்க. காட்டுக்குள்ள ரோடு. ஒரு ஆளில்லை. இஞ்சின் சத்தமும் காத்துச் சத்தமும் சேந்து ஒரே எரைச்சலு. அப்பத்தான் என்ற காதுக்குள்ள ஒரு குரல் கேக்குது.

"சுலோ, ஆனைச் சாணி கெடக்குது பாத்தியா? ஈரமா இருக்குது. இப்பத்தான் போயிருக்கும்."

தம்பி, என்ற பேரு சுலோச்சனா. என்னையப் பேரு சொல்லி அவரு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. 'இந்தா'ம்பாரு, இல்லாட்டி கையத் தட்டுவாரு. வேற எவனோ பேசறான், ஃபோனு கலந்துருச்சுன்னு நெனச்சு, "யாருங்க அது?"ன்னு கேட்டேன். "நாந்தாண்டி, வேற யாரு"ங்கறாரு. அப்புறம் பேச ஆரம்பிச்சாரு பாருங்க. ஆத்தாடி. மறையூரு போற வரைக்கும் நிறுத்தவே இல்லை. மில்லுல எந்த மேஸ்திரிகூட யாருக்குச் சண்டை, எந்த மிசினு எந்தக் காலத்துல என்ன பண்ணுச்சு, சின்ன வயசுல எந்தக் கெணத்துல விழுந்தாரு, எல்லாம். நான் 'ம்' கொட்டிக்கிட்டு வர்றேன். நானு, 'ம்' கொட்டறேன்!

மறையூருல எறங்கி ஹெல்மெட்டக் கழட்டுனோம். டீக்கடை முன்னால நிக்கறோம். நான் ஆசையா மொகத்தப் பாத்து, "அப்புறம் அந்த மேஸ்திரி என்ன ஆனாரு?"ன்னு கேக்கறேன். 'ம்'ங்கறாரு. கட்டை வெரல வாய்கிட்டக் கொண்டு போறாரு. தண்ணி வேணுமாம்.

அந்த மனுசனுக்குச் சத்தம் வேணுமுங்க தம்பி. சத்தத்துக்குள்ளயே வளந்தவரு, அமைதியா இருக்கற எடத்துல அவருக்குப் பேச வர மாட்டேங்குது. மொகத்தப் பாத்தா அறவே வராது. முன்னால உக்காந்துக்கிட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டு, காதுக்குள்ள இஞ்சின் கத்திக்கிட்டே இருந்தாத்தான் வாயி தொறக்குது.

அதுக்கப்புறம் ஊர் ஊராப் போனோம். வால்பாறை, கொடைக்கானலு, ஒருக்கா தனுஷ்கோடி வரைக்கும். எனக்கு முதுகு வலி, இடுப்பு வலி, ஒண்ணு பாக்கி இல்லை. போற எடத்துல என்ன இருக்குதுன்னு எனக்கு அக்கறையும் இல்லை. எறங்குனா ஊமை, ஏறுனாத்தான் மனுசன். அதனால டீக்கு எறங்கறது கூட எனக்குப் புடிக்காது. அவரு நிறுத்துனா, "எதுக்கு இங்க, அடுத்த ஊருல பாத்துக்கலாம்"பேன். குத்தம் சொல்றது மட்டும் நிக்கல. காதுக்குள்ளயே சொல்லுவேன். சீட்டு சரியில்லை, வேகம் எச்சு, வண்டி ஒரு தண்டம், எனக்கு வந்து வாச்சுதேன்னு. அவரு சிரிப்பாரு. அவரு சிரிக்கற சத்தம் அப்படி இருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

வால்பாறைக்கு ஏறறப்ப ஒரு நாள், மழை தூறிக்கிட்டு இருக்குது. வளைவுல கவனமா ஓட்டிக்கிட்டு இருக்கறாரு. திடீர்னு, "பூரணி இருந்திருந்தா இந்த மழைய ரசிச்சிருப்பா"ங்கறாரு.

யாரு பூரணின்னு கேட்டேன்.

பிரபாகருக்கு மின்ன எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க. உசுரில்லாமப் பொறந்துச்சு. எனக்குக் காட்டக் கூட இல்லை, துணியில சுத்தி இவரு கையில குடுத்துட்டாங்க. இவருதான் கொண்டு போயிப் பொதைச்சுட்டு வந்தாரு. வந்து ஒரு வார்த்தை சொல்லல. எங்க பொதைச்சாரு, மொகம் எப்படி இருந்துச்சு, ஒண்ணுமே சொல்லல. நான் எத்தனையோ வாட்டி கேட்டேன், எந்திரிச்சு வெளிய போயிருவாரு. கல்லு மனசுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அந்த மனுசன் அதுக்குப் பேரு வெச்சிருக்கறாரு தம்பி. தூக்கிட்டுப் போறப்பவே மனசுக்குள்ள பூரணின்னு வெச்சாராம். மூக்கு என்ற மூக்காட்டமே இருந்துச்சாம். தல நெறைய முடியாம். அத்தனையும் அந்த மலை ஏறி முடியறதுக்குள்ள சொன்னாரு. ஹெல்மெட்டு கண்ணாடி பூரா எனக்கு ஆவி அடிச்சுப் போச்சு, வெளிய ஒண்ணும் தெரியல. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கோணும், ஓரமா வண்டிய நிறுத்திட்டாரு. ஆனா இஞ்சின நிறுத்தலீங்க. இஞ்சினு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நாங்க எறங்கவும் இல்லை, ஹெல்மெட்டக் கழட்டவும் இல்லை. அப்படியே உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம்.

காப்பி ஆறிப் போச்சு பாருங்க, குடிங்க. சக்கரை போதுமா?

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லை. கண்ணுல என்னமோ பட்டுருச்சு.

எதுக்கு விக்கறோம்னா? அதானே, கேக்கோணுமே நீங்க. போன ஐப்பசி மாசம் ஏற்காடு போயிட்டுத் திரும்பறப்ப, ஒரு பேக்கரி முன்னால நிறுத்துனாரு. நின்ன வண்டிதான். ஜல்லி கெடந்துச்சு, அவரு கால் ஊனுன எடம் வழுக்கிருச்சு. கால் டன்னு வண்டி, சாஞ்சா புடிக்க முடியுமா? அப்படியே சாஞ்சுருச்சு. என்ற காலு அடியில மாட்டிக்கிச்சு. எலும்பு முறியல, தோலு வழண்டு சைலன்சரு சூடு பட்டுப் போச்சு. இதோ பாருங்க தழும்பு. அந்த வலியில எனக்கு வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறப்ப, "இந்த எழவு வண்டிய எவன் தலையிலயாவது கட்டித் தொலைங்க, நான் நிம்மதியா இருப்பேன்"ன்னு சொன்னேன். கோவத்துல சொல்றதுதானே. நான் சொல்லாத பேச்சா? தெனமும் சொல்றதுதானே.

அதோட ஹெல்மெட்டு ரெண்டையும் பீரோ மேல தூக்கி வெச்சுட்டாரு. வண்டியில ஏறல. பழையபடி பேப்பரு, பழையபடி 'ம்'. நான் ஏதாவது சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். காலு ஆறுச்சு. மறையூருக்குப் போலாமுங்களான்னு கேட்டிருக்கலாம், கேக்கலீங்க. எப்படிக் கேக்கறது? நானா போயி, என்னையக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டதே இல்லையே. தைப்பொங்கலு போச்சு, ஒரு நாள் வண்டிய விக்கறதுக்கு ஃபோன்ல போட்டிருக்கறேன்னாரு. அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சு போச்சு. பேசி முடிச்சுட்டாராக்கும், இனி எங்கூடப் பேசறதுக்கு ஒண்ணுமில்லையாக்கும். சலிச்சிருச்சு. எந்நேரமும் காதுக்குள்ள குத்தம் சொன்னா எந்த மனுசனுக்குத்தான் சலிக்காது. சரி, போகட்டும். கொண்டு போங்க. எனக்கும் அலுத்துப் போச்சு. ஒழிஞ்சாச் சரி.

என்னங்க?

என்ன சொன்னீங்க தம்பி? இன்னொருக்காச் சொல்லுங்க.

ஃபோன்லயா? அவரா சொன்னாரு? 'எனக்கு விக்க மனசே இல்லை, வீட்டுல அவளுக்கு ஆகல. என்னால அவ கால்ல அடிபட்டுருச்சு. வண்டி போயிட்டா நிம்மதியா இருப்பேன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. அவ நிம்மதிக்காகத்தான் குடுக்கறேன்'னா? இதையே சொன்னாரா, இல்லை நீங்க சேத்துச் சொல்றீங்களா? சாமி சத்தியமா? பத்து நிமிசம் பேசுனாரா? பாத்தீங்களா, பாத்தீங்களா, மொகம் தெரியாட்டி பேசுவாரு. ஊரு பேரு தெரியாத உங்ககிட்டச் சொல்லியிருக்கறாரு. ஒரே வீட்டுல இருக்கற என்கிட்டச் சொல்லல.

அட கடவுளே. இந்த மனுசன் நான் சொல்றத நெசம்னு எடுத்துக்கிட்டாரே. முப்பத்தி நாலு வருசமா நான் சொன்ன ஒண்ணையும் காதுல வாங்கல, இத மட்டும் வாங்கியிருக்கறாரு பாருங்க. குத்தம் சொன்னா வெறுத்துச் சொல்றேன்னு அர்த்தமா? இந்தச் சேலைய ராத்திரி உக்காந்து எதுக்குத் தெச்சேன்? பாச்சை உருண்டை எதுக்குப் போடறேன்? அந்த மரமண்டைக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா? நானுந்தான் என்ன, அவரு எங்கிட்டச் சலிச்சுட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இத்தன மாசமா வெந்துக்கிட்டுக் கெடக்கறேன்.

மொபெட்டு சத்தம் கேக்குதுங்களா? அவருதான். மடியில பேட்டரிய வெச்சுக்கிட்டு வர்றாரு. இருங்க, நீங்க எந்திரிக்காதீங்க. இப்ப சேலைய எடுத்துட்டுப் பேட்டரிய மாட்டுவாரு. இல்லீங்க, இப்பப் போயி அவருகிட்டச் சொல்ல முடியாது. எனக்கு மொகத்தப் பாத்தா வராது. அவருக்கு மட்டுந்தான் வராதுன்னு நெனச்சீங்களா? மொகத்தப் பாத்து நான் வாயத் தொறந்தா பால் திரிஞ்ச கதைதான் வரும்.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க ஒசரமா இருக்கறீங்க, அந்தப் பீரோ மேல ரெண்டு ஹெல்மெட்டு இருக்குது பாருங்க, எறக்கிக் குடுங்க. இது அவருது, இது என்றது. தொடச்சுத்தான் வெச்சிருக்கறேன். அந்தப் பேசற சாமானுல சார்ஜு இருக்குதுங்க, நானு நேத்துக் கூடப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேக்காதீங்க.

அதோ, ஸ்டார்ட் ஆயிருச்சு. நல்ல சத்தம்தானே? அந்தக் குக்கரு, எலின்னு நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. தங்கமான வண்டிங்க. ஃபோர்க்குல ஒரு சொட்டு கசியாது, சும்மா சொன்னேன். கையக் காட்டறாரு பாருங்க. உங்களப் பின்னால உக்கார வெச்சு ஒரு சுத்துப் போயி காட்டறேங்கறாரு. நீங்க ஏற வேண்டாம். நான் ஏறிக்கறேன். வாசல் கேட்டத் தாண்டி, மெயின் ரோட்டுக்குப் போனதும் காதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

அவ்வளவு தூரம் வந்தீங்க, கோவிச்சுக்காதீங்க சாமி. அடுப்புல அரிசிம்பருப்புச் சோறு இருக்குது, நெய் அந்தக் கிண்ணத்துல. வயிறாரச் சாப்பிட்டுட்டு, கதவ வெறுமனே சாத்தி வெச்சுட்டுக் கெளம்புங்க. அஞ்சு மணிக்கு நேரா சேலம் பஸ்ஸே இருக்குது. எங்களுக்காகக் காத்திருக்காதீங்க, நாங்க வர்றதுக்குப் பொழுது எறங்கிரும்.